கதவைத் திறந்து வைப்பவர்

எங்கள் எடை அறையின் கதவை இப்போது நான் திறந்தே வைக்கிறேன். முள்ளிப்பட்டிலிருந்து சேலைகளைக் கொண்டுவரும் புதியவர், உள்ளே வந்ததும் மரியாதைக்காக அதைச் சாத்துகிறார். நான் எழுந்து போய் மறுபடி திறந்து, ஓர் அட்டைப்பெட்டியை அண்டை கொடுத்துவிட்டு வந்து உட்காருகிறேன். அவர் தராசையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கிறார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். இதே நாற்காலியில் உட்கார்ந்து ஆறு வருடம் நான் வேறொருவரை அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஒருமுறை எழுதி அனுப்பியதே போதும்.

ஆரணியில் பட்டுச்சேலை முதலாளி ஒருவரிடம் சேலை பார்க்கும் வேலை எனக்கு. நெய்து வரும் சேலையின் நீளம், அகலம், எடை மூன்றையும் பார்த்து நோட்டில் குறிக்க வேண்டும். குறை இருந்தால் எந்த இடத்தில், எத்தனை அங்குலம் என்று எழுத வேண்டும். பிறகு முந்தானை ஓரத்தில் ஒரு சிறிய அட்டையைக் கட்டி, எண்ணும் எடையும் பென்சிலால் போட வேண்டும். நான் நெசவுக் குடும்பத்தைச் சேர்ந்தவள் அல்ல. சந்தவாசல் பக்கம் நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போடுகிற வீட்டில் பிறந்து, கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவள். பட்டைத் தராசில் வைத்துப் பார்த்திருக்கிறேனே தவிர, ஒரு நாளும் தறியில் உட்கார்ந்ததில்லை. இது பின்னால் தேவைப்படும் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

முள்ளிப்பட்டில் எங்களுக்காகப் பதினொரு வீட்டுத் தறிகள் ஓடின. அந்தத் தறிகளுக்கு வேண்டிய, நீளவாக்கில் ஓடும் பாவு நூலையும் குறுக்கே ஓடும் ஊடைப் பட்டையும் ஜரிகையையும் எங்களிடம் எடை போட்டு வாங்கிப்போய்க் கொடுப்பது நான் பெயர் சொல்லாத அந்தப் பெண்மணியின் வேலை. நெய்து முடித்த சேலைகளைத் திரட்டி, பொழுது சாய்கிற நேரத்தில் கொண்டுவந்து எங்கள் அறையில் வைத்துவிட்டுப் போவார். மறுநாள் மதியம் மறுபடி வருவார். அவர் கண்ணெதிரே ஒவ்வொன்றாக நான் எடை போடுவேன். கொடுத்த பட்டும் ஜரிகையும் எவ்வளவோ, கழிவு போக, சேலை அவ்வளவு இருக்க வேண்டும். குறைந்தால் பட்டு எங்கோ போயிருக்கிறது என்று அர்த்தம்.

ஐம்பத்தைந்து வயதிருக்கும். குள்ளம். ஸ்கூட்டியில் உட்கார்ந்தால் கால் தரையை எட்டாது. வண்டியை நிறுத்துவதற்கு முன்பே ஒரு பக்கமாகக் குதித்துவிடுவார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே மாடிப்படி ஏறி வருவார். எடை அறைக்குள் நுழைந்ததும் முதல் காரியமாக, நான் சாத்தி வைத்திருக்கும் கதவை அகலத் திறந்து, அந்த ஹெல்மெட்டைக் கழற்றிக் கதவுக்கு முட்டுக் கொடுப்பார்.

“இன்னா நோட்டம்மா, கதவ சாத்திகினு உள்ள பிரசவமா பாக்குற?”

“காத்துல தராசு ஆடுதுக்கா. நம்பர் நிக்கமாட்டேங்குது.”

“ஆடட்டும். அதுக்கு இன்னா இப்ப பேஜாரு? நின்னப்புறம் எழுது.”

நோட்டம்மா என்ற பெயரை எனக்கு வைத்தவர் அவர்தான். என்னிடம் இரண்டு நோட்டுகள் உண்டு: ஒன்று முதலாளியுடையது, மற்றது என்னுடைய நாட்குறிப்பு. கல்யாணமான வருடத்திலிருந்து ஒரு நாள் விடாமல் எழுதுகிறேன். அவர் ஹெல்மெட்டை முட்டுக் கொடுத்ததையும் எழுதியிருக்கிறேன். தராசில் கடைசி எண் இரண்டு மூன்று கிராம் மேலும் கீழும் துள்ளும். நான் எழுந்து ஹெல்மெட்டை எடுத்து மேசைமேல் வைத்து, கதவைச் சாத்துவேன். தண்ணீர் குடிக்கப் போகிற மாதிரி போய் அவர் மறுபடி திறந்துவிடுவார். ஆறு வருடம் எங்களுக்குள் நடந்த பேச்சில் பாதி இந்தக் கதவைப் பற்றித்தான்.

ஏன் திறக்கிறீர்கள் என்று பல தடவை கேட்டிருக்கிறேன். ஒரு நாள், மூச்சு முட்டுகிறது என்றார். இன்னொரு நாள், வண்டியைக் கீழே நிறுத்தியிருக்கிறேன், கண்ணில் பட வேண்டும் என்றார். மாடி அறையில் உட்கார்ந்தால் வண்டி தெரியாது. மற்றொரு நாள், “கதவு தொறந்து கீதுன்னா எவனும் ஒட்டுக்கேக்க மாட்டான், எதிர்லயே வந்து நின்னு கேப்பான்” என்று சொல்லிச் சிரித்தார். காரணங்களை ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தேன். உண்மையான காரணம் ஒன்று இருப்பவர் எதற்காக இத்தனை சொல்ல வேண்டும்?

அவர் வீட்டுக்கும் ஒருமுறை போயிருக்கிறேன். அரிசி ஆலைக்குப் பின்னால் ஒரு சந்து. தாழ்ப்பாள் துருப்பிடித்து விழுந்த பிறகு அவர் வேறு போடவே இல்லை. மகன் ஓசூரில் வேலையில் இருக்கிறான். இவர் தனியாக இருக்கிறார். நான் போனபோது அவர் வீட்டில் இல்லை. பக்கத்து வீட்டுப் பெண் உள்ளே நின்று மிக்சியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். “எங்க மிக்சி புகைஞ்சிடுச்சிங்க. இவங்க ஊடு எப்பவும் தொறந்துதான கீது” என்றாள். கட்டிலுக்கு அடியில் தெருநாய் ஒன்று சுருண்டு படுத்திருந்தது. எங்கள் பாவு, பட்டு நூல், ஜரிகை எல்லாம் ஒரு மூட்டையாகக் கட்டில் மேலேயே கிடந்தன.

கதவைத் திறந்து போட்டிருப்பவரிடம் மறைக்க ஒன்றுமில்லை என்று ஊர் நினைக்கும். ஊர் அப்படி நினைக்கட்டும் என்றே ஒருவர் திறந்து போடலாம். அன்றைய நாட்குறிப்பில் இந்த இரண்டு வாக்கியங்களும் இருக்கின்றன.

எடை குறைய ஆரம்பித்தது அந்தக் கடைசி இரண்டு வருடங்களில்தான். அதற்கு முன் ஒன்றிரண்டு கிராம் வித்தியாசம் வரும், போகும். பிறகு பதினைந்து, பதினெட்டு, இருபது என்று குறைந்தது. ஆரணிக்குள்ளேயே இருக்கும் நெசவாளர்கள் தங்கள் சேலையைத் தாங்களே எடுத்துவந்து, என் முன்னால் நின்று எடை போட்டு வாங்கிப் போவார்கள். அவர்கள் சேலை எதிலும் குறையவில்லை. குறைந்ததெல்லாம் முள்ளிப்பட்டுச் சேலைகள். அவர் கை வழியாக வந்தவை. எனக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

எடை போடும்போது அவர் ஒன்று சொல்லுவார். “வெச்ச உடனே போடாத நோட்டம்மா. கதவ தொறந்து உடு. சேல கொஞ்ச நேரம் காத்து வாங்கட்டும், அப்பால போடு.” இது எனக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது. நேரம் கேட்கிறார், தராசு ஆட வேண்டும் என்கிறார். நான் கதவைச் சாத்தி, ஏசியையும் மின்விசிறியையும் நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடை பார்ப்பேன்.

முள்ளிப்பட்டில் ஒரு புருஷன் பெண்சாதி தறியிலிருந்து தொடர்ந்து மூன்று சேலைகள் குறைந்து வந்தன. மூன்றாவது சேலையின் எண் இருநூற்றுப் பதினாலு. எழுநூற்று முப்பது கிராம் வர வேண்டும். எழுநூற்று எட்டுதான் இருந்தது. அட்டையில் நானே எழுதினேன். முதலாளி அந்தச் சேலையைத் திருப்பி அனுப்பிவிட்டு, அந்தத் தறிக்குப் பாவு கொடுப்பதை நிறுத்தினார். சேலையை வாங்கிக்கொண்டு படி இறங்கும்போது அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஹெல்மெட்டைக் கதவடியிலேயே மறந்து விட்டுப் போய், பாதி வழியிலிருந்து திரும்பி வந்தார்.

அந்தச் சமயத்தில்தான் கப்பல் பயணம் வந்தது. எங்களுக்கு ஜரிகை கொடுக்கும் வியாபாரி, தன்னிடம் நிறைய வாங்கும் முதலாளிகளைக் கப்பலில் அழைத்துப்போனார். சென்னையில் ஏற்றி, கடலுக்குள் மூன்று நாள் சுற்றிக் காட்டிவிட்டு, மறுபடி சென்னையிலேயே இறக்கிவிடும் கப்பல் அது. எங்கள் முதலாளியின் மகளுக்குப் பிரசவ நேரம். அதனால் அவருக்கும் அவர் மனைவிக்கும் வந்த இடத்தை எனக்கும் சேலை கொண்டுவரும் அந்த அக்காவுக்கும் கொடுத்தார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் கிளம்பும் முன் முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“ஏம்மா, மூணு நாளு ஒரே ரூம்ல இருக்கப் போறீங்க. கொஞ்சம் கவனிச்சிகினு வாங்க. நீங்க வந்து சொல்றதுதான் எனக்கு. சந்தேகம் நிஜம்னா ஆள மாத்திடலாம்.”

அக்காவின் வேலையும், நின்றுபோன தறியும் என் வாய்ச்சொல்லில் இருந்தன. இது எனக்கு நன்றாகத் தெரிந்துதான் கப்பல் ஏறினேன்.

சென்னைக்குப் பஸ்ஸில் போகும்போது காஞ்சிபுரம் தாண்டி நல்ல மழை. எல்லோரும் ஜன்னலை இறக்கிவிட்டார்கள். இவர் மட்டும் தன் ஜன்னலை ஒரு சாண் தூக்கியே வைத்திருந்தார். பின் இருக்கைக்காரர் கத்தினார்: “யம்மா, எனக்கு இங்க குளிப்பாட்டுதுமா!”

“கொஞ்சம் நனைங்க சார். காலைல குளிச்ச மாதிரி தெரியல” என்றார் இவர் திரும்பாமலே. பஸ்ஸே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. நனைந்த என் கைக்குட்டையைப் பிழிந்துகொண்டிருந்தேன். அவர் மடியில் ஒரு துணிப்பை இருந்தது. அது நனையாமல் இருக்க முந்தானையால் மூடி, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டிருந்தார். பெட்டிகள் மேலே இருக்கும்போது இந்தப் பை மட்டும் ஏன் மடியில் என்று அப்போதே குறித்துக்கொண்டேன்.

கப்பலில் எங்கள் அறை ஏழாவது மாடியில். இரண்டு கட்டில், ஒரு மேசை, குளியலறை. கோடியில் ஒரு கண்ணாடிக் கதவு. அதைத் தள்ளித் திறந்தால் இரண்டு நாற்காலி போடுகிற அளவு பால்கனி. அதற்குக் கீழே கடல். பெட்டியை வைப்பதற்கு முன்பே அவர் அந்தக் கதவைத் தள்ளித் திறந்தார். ஏசியின் சத்தம் நின்றது. உப்புக் காற்று அறையெல்லாம் நிறைந்தது.

கால் மணி நேரத்தில் அறைகளைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர் வந்தார். தூத்துக்குடிக்காரர், நரைத்த மீசை.

“அம்மா, அந்தக் கதவ மட்டும் அடைச்சிருங்க. தொறந்து கெடந்தா ஏசி தானா நின்னுரும். ஈரக்காத்து உள்ள வந்து, மேல இருந்து தண்ணி சொட்ட ஆரம்பிச்சிரும்.”

“கண்ணாடி வழியா கடல பாக்கறதுக்கு எங்க ஊட்ல டிவி கீதுங்க” என்றார் இவர்.

ஊழியர் சிரித்துவிட்டார். போகும்போது என்னைப் பார்த்து, “நீங்களாவது சொல்லுங்கம்மா” என்றார். நான் சொன்னேன். பயனில்லை. அன்று மாலை வெளியே போய்விட்டு வந்து அறைக் கதவைத் திறந்தேன். எதிரே பால்கனிக் கதவும் திறந்திருந்ததால் காற்று ஓர் ஆள் மாதிரி வந்து மோதியது. மேசைமேல் நாட்குறிப்புக்குள் செருகி வைத்திருந்த பஸ் சீட்டு, கப்பல் கொடுத்த தாள், மாத்திரைச் சீட்டு எல்லாம் பறந்து என் தலைக்கு மேலே நடைவழிக்குப் போயின. அறைக் கதவு என் விரலுக்கு இரண்டு அங்குலம் தள்ளி அறைந்து சாத்திக்கொண்டது. அவர் கட்டிலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“நோட்டம்மா நோட்டெல்லாம் ஊர்வலம் போதுடி!”

நான் நடைவழியில் குனிந்து குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். உள்ளே வந்து, ராத்திரி கதவைச் சாத்தியே ஆக வேண்டும், இல்லையென்றால் நான் வேறு அறை கேட்பேன் என்றேன்.

“சரிம்மா. ராத்திரி பூரா சாத்திக்கலாம். ஏசி நல்லா ஓடட்டும்” என்றார்.

ஆறு வருடத்தில் அவர் ஒரு கதவைச் சாத்த ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை. இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டதே எனக்குச் சரியாகப் படவில்லை.

மறுநாள் காலை நான் குளியலறையிலிருந்து வந்தபோது கதவு மறுபடி திறந்திருந்தது. அவர் பால்கனியில் முதுகைக் காட்டி நின்றார். பக்கத்து அறையின் பால்கனிக்கும் எங்களுடையதற்கும் நடுவில் ஒரு தடுப்புத் தட்டி. அந்தத் தட்டிக்கு மேலாக ஒரு கை நீண்டு வந்தது. வளையல் போட்ட கை. கறுப்பாக ஏதோ ஒன்றைக் கொடுத்தது. இவர் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, “ரொம்ப தேங்ஸுங்க, சாயங்காலம் குடுத்துடறேன்” என்றார். என்னைப் பார்த்ததும், “அந்தாண்ட ரூம்ல ஒரு மாம்பலத்து அம்மா கீறாங்க. நல்ல மாதிரி” என்றார். நான் கேட்காமலே சொன்னார்.

சாப்பிட்டுவிட்டு நான் முன்னதாகத் திரும்பினேன். பால்கனிக் கதவு திறந்திருந்தது. பக்கத்தில் திரை ஒதுக்கிக் கட்டியிருந்தது. அந்தத் திரை சற்றுப் பருத்திருந்ததாகத் தோன்றியது. விலக்கினேன். உள்ளே ஒரு ஹேங்கரில், கடல் காற்று நேராகப் படும்படி, மாம்பழ நிறத்தில் ஒரு பட்டுச்சேலை தொங்கியது. முந்தானை ஓரத்தில் அட்டை. அட்டையில் என் கையெழுத்து. இருநூற்றுப் பதினாலு. எழுநூற்று எட்டு.

மடியில் வைத்து அணைத்துவந்த பை இதுதான். தடுப்புக்கு மேலே வந்த கை, வாங்கப் போகிறவளின் கை. நெசவாளி வீட்டிலிருந்து எடுத்த சேலையைக் கப்பலில் விற்கிறார். ஆள் பார்த்துப் பேசுவதற்குத்தான் கதவு. எல்லாம் வரிசையாகப் பொருந்தியது. போனை எடுத்து முதலாளிக்கு எழுதினேன். அவர் பெயரை முழுதாகப் போட்டு, “214ஆம் எண் சேலை இவங்க கிட்ட இருக்கு. கப்பல்ல விக்கிறாங்கன்னு நினைக்கிறேன். சந்தேகம் நிஜம்தான்” என்று எழுதி அனுப்பினேன். நடுக்கடல். செய்தி போகவில்லை. பக்கத்தில் சின்னக் கடிகாரம் மாதிரி ஒரு குறி நின்றது. போகாவிட்டால் என்ன, நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று போனை வைத்துவிட்டேன்.

நான்கு மணிக்கு அவர் வந்தார். நான் திரையை விலக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“இது இன்னாக்கா?”

அவர் பதறவில்லை. “பாத்துட்டியா? நல்லதாப் போச்சி. எப்டி சொல்றதுன்னு தெரியாம சுத்திகினு இருந்தேன்.” இடுப்பிலிருந்து அந்தக் கறுப்புப் பொருளை எடுத்தார். பெட்டியை மாட்டி எடை பார்க்கிற, கையில் பிடிக்கும் சின்னத் தராசு. ஐந்து ஐந்து கிராமாகக் காட்டும். “மாம்பலத்து அம்மாவுது. பொட்டி எட பாக்க எடுத்தாந்தாங்களாம். ராத்திரி பூரா ஏசில கெடந்துச்சா, காலைல போட்டேன். எழுநூத்தி பத்து. இப்ப காத்துல கெடந்திருக்கு. நீயே போடு. என் கை பட்டா நீ நம்ப மாட்ட.”

கொக்கியின் எடையைக் கழித்து நான் போட்டேன். எழுநூற்று முப்பத்தைந்து.

மறுபடி போட்டேன். எழுநூற்று முப்பத்தைந்து.

“இப்ப சொல்லு நோட்டம்மா. வரணும்னு நீ எழுதனதுக்கு மேலயே அஞ்சு கிராம் கீது. கடல்கிட்டருந்து பட்ட திருடிகினு வந்துட்டேனா?”

காலை எடையை நான் பார்க்கவில்லையே என்றேன். அவர் தானே போய்ப் பால்கனிக் கதவைச் சாத்தினார். ஏசியை ஆகக் குறைந்த குளிருக்கு வைத்தார். சேலையை ஏசிக் காற்று நேராகப் படும் இடத்தில் மாட்டிவிட்டு, கதவடியில் தரையில் உட்கார்ந்தார்.

“எட்டு மணி வரிக்கும் பாக்கலாம். நீயும் உக்காரு, நானும் உக்காந்துக்கறேன். நான் எழுந்து போனா, உள்ள நீ இன்னா பண்ணியோன்னு எனக்கும் தோணும் இல்ல?”

நான்கு மணி நேரம் இருவரும் அந்த அறையில் உட்கார்ந்திருந்தோம். பிஸ்கட் சாப்பிட்டோம். அவர் அடிக்கடி கண்ணாடிக் கதவின் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நெற்றியில் அந்தக் குளிரிலும் வேர்த்திருந்தது. பட்டு மழைக்காலத்தில் கனக்கும், கோடை மதியத்தில் லேசாகும் என்று தறிக்காரர்களுக்குத் தெரியும் என்றார். ஏசி அறையில் கிடந்தால் எவ்வளவு குறையும் என்று அவருக்கே நிச்சயமாகத் தெரியவில்லையாம். “எங்க ஊட்ல ஏசி எங்க கீது, போட்டு பாக்க? கப்பல்ல ஏசி ஒரு பக்கம், கடலு ஒரு பக்கம், நடுவுல ஒரு கதவுன்னு முதலாளி ஊட்டம்மா சொன்னாங்க. அப்பவே இந்த சேலைய தறிக்காரங்ககிட்ட கேட்டு வாங்கிகினேன்.”

“அங்கயே சொல்லியிருக்கலாமேக்கா.”

“தெனமும்தான சொன்னேன். காத்து வாங்கட்டும், அப்பால போடுன்னு. நீ ஏன்னு கேட்டியா? கதவ ஏன் தொறக்கறன்னுதான் கேட்ட.”

ஏழு மணி வாக்கில், நான் கேட்காமலே இன்னொன்றும் சொன்னார். குரலைத் தாழ்த்தவில்லை, பஸ் பயணத்தைப் பற்றிச் சொல்வது போலவே சொன்னார்.

“எனக்கு ஒம்போது வயசு. எங்கம்மா நெய்ஞ்ச சேலைல எட கொறஞ்சிடுச்சின்னு, அப்ப இருந்த முதலாளி ஊட்டுக்கு வரச்சொன்னாங்க. என்னையும் இட்டுகினு போச்சி. என்ன வெளிய உக்கார வெச்சிட்டு, அம்மாவ உள்ள இட்டும்போய் கதவ சாத்திட்டாங்க. பொம்பளைங்க ரெண்டு பேரு, துணிய அவுத்து பாத்தாங்களாம், பட்டு எங்கனா சுத்தி வெச்சிருக்குதான்னு. ஒண்ணும் இல்ல. வெளிய வந்து அம்மா என்கிட்ட ஒண்ணுமே பேசல. ஊடு போற வரிக்கும் பேசல. பட்டு எட போடற எடத்துல கதவு சாத்தியிருந்தா எனக்கு ஆவாது நோட்டம்மா. உன்கிட்ட எத்தனையோ காரணம் சொன்னேன், இத சொல்ல முடில.”

எட்டு மணிக்குப் போட்டேன். எழுநூற்று இருபது. நான்கே மணி நேரத்தில் பதினைந்து கிராம்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. முதலாளி எடை அறையிலேயே வீடியோ எடுத்துச் சேலை விற்க ஆரம்பித்தபோது, விளக்குச் சூட்டுக்காக அங்கே ஏசி போட்டார். பாவும் பட்டும் நாங்கள் கொடுப்பது கீழே ஈரச்சுவர் கிடங்கிலிருந்து. ஊர் நெசவாளர்களின் சேலையை வந்த உடனே எடை போடுகிறேன். அவர் கொண்டுவரும் சேலைகள் மட்டும் ஓர் இரவும் பாதிப் பகலும் அந்தக் குளிரில் கிடக்கின்றன. வீட்டுக்குத் திரும்பி என் பழைய நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். ஏசி மாட்டிய நாள் எழுதியிருந்தது. முதல் குறைவு விழுந்த நாளும் எழுதியிருந்தது. நடுவில் ஒன்பதே பக்கங்கள். இரண்டும் என் கையெழுத்து.

“போதுமா? தொறக்கலாமா?” என்று கேட்டார்.

“தொறங்கக்கா” என்றேன்.

அவர் கதவை முழுக்கத் தள்ளினார். அந்த இரவு கதவு திறந்தே இருந்தது. எனக்கு நல்ல தூக்கம். செய்தியை நான் மறக்கவில்லை. ஆனால் போகாத செய்தி போகாததுதான் என்று நினைத்தேன். சிக்னல் கிடைத்ததும் போன் அதைத் தானாகவே அனுப்பிவிடும் என்பது எனக்குத் தெரியாது. போன் பால்கனிக் கதவை ஒட்டிய மேசையில் சார்ஜில் கிடந்தது.

கடைசி நாள் காலையில் கண் விழித்தபோது, ஏதோ வித்தியாசமாக இருந்தது. காற்றில்லை. ஏசி ஓடும் சத்தம் கேட்டது. பால்கனிக் கதவு சாத்தியிருந்தது. கண்ணாடிக்கு அப்பால் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் தெரிந்தன. அவர் தலை வாரி, புடவை மாற்றி, பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார்.

“கரை வந்துடுச்சிங்க மேடம்” என்றார்.

நான் போனை எடுத்தேன். திரையிலேயே முதலாளியின் பதில் நின்றது. அக்காவின் பெயரோடு தொடங்கியது. “இவங்களுக்கு இனிமே பாவு குடுக்க வேணாம். அப்பவே நினைச்சேன். முள்ளிப்பட்டுக்கு வேற ஆள் சொல்லிட்டேன்.”

அவர் அதைப் படித்தாரா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. ஆரணிவரை பஸ்ஸில் ஜன்னல் சாத்தியே இருந்தது.

இறங்கியதும் நேராக முதலாளியிடம் போனேன். இறங்கும்போது அக்கா என்னிடம் நீட்டிய சேலையும், எடைகளைக் குறித்த நாட்குறிப்பும் கையில் இருந்தன. முதலில் முதலாளி சிரித்தார். “ஏம்மா, உங்களையே பேசி மயக்கிட்டாங்களா?” என்றார். கடையில் இருந்த வேறொருவரைப் பார்த்துக் கண் காட்டினார். சந்தேகப்படும் அந்தப் பார்வை என்மேல் விழுந்தது அன்றுதான். நான் விடவில்லை. மூன்று நாள், ஆறு சேலை, கதவு திறந்து ஒரு தடவை, சாத்தி ஒரு தடவை என்று அவர் கண் முன்னாலேயே எடை போட்டேன். மூன்றாம் நாள் அவர் தானே கதவைத் திறந்து வைத்தார். புருஷன் பெண்சாதி தறிக்குப் பாவு போனது. எடை போடும் முன் சேலை அரைநாள் வெளிக்காற்றில் இருக்க வேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டினேன்.

“போய் அவங்கள கூப்பிடுங்க. தப்பா எடுத்துக்க வேணாம்னு சொல்லுங்க” என்றார் முதலாளி.

அன்று சாயங்காலமே போனேன். அரிசி ஆலையைத் தாண்டி, சந்துக்குள் திரும்பும்போதே அந்த வீடு தெரிந்தது. எப்போதும் போலக் கதவு அகலத் திறந்திருந்தது. உள்ளே டிவி ஓடியது. பக்கத்து வீட்டுப் பெண் சிரிக்கும் சத்தம் கேட்டது. ஸ்கூட்டி வாசலில் நின்றது. முன்பக்கம் வேறொரு முதலாளியின் பெயர் போட்ட பை.

நான் வருவதை அவர் பார்த்துவிட்டார். எழுந்து வெளியே வந்தார். வந்து, தனக்குப் பின்னால் கதவை இழுத்துச் சாத்தினார்.

“வாங்க மேடம்” என்றார் படியில் நின்றபடி.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். தறி ஓடுவதை, ஆறு சேலைகளை, சுவரில் ஒட்டியதை. செய்தியைப் பற்றியும் சொன்னேன். வார்த்தைக்கு வார்த்தை, நான் எழுதியபடியே. முதலாளி வரச்சொன்னதையும் சொன்னேன்.

“எட சரியா வருதா இப்போ?”

“வருதுக்கா.”

“அப்ப சரிங்க.”

உள்ளேயிருந்து பக்கத்து வீட்டுப் பெண், “யாரு?” என்று கேட்டாள். கதவு மெல்ல அசைந்தது. அதில் தாழ்ப்பாள் இல்லை. அதனால் நான் சொல்லி முடித்துத் திரும்பி, சந்தின் முனைக்கு வரும்வரையில், அவர் ஒரு கையைப் பின்னால் கொடுத்து அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார்.